கன்சல்டன்சியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு உரிமை இருக்கிறதா?

கொங்குப் பகுதிச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பி.காம். படித்தவர். ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான்கு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் அவர் கையில்தான். சம்பளம் ஏறவில்லை என்பதால் ஐந்து மாதத்துக்கு முன் கோவையில் வேலை வாங்கித் தரும் ஒரு கன்சல்டன்சியில் பதிவு செய்தார். ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 1,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். நான்கு பக்க ஃபார்ம் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்பா பெயர், சாதி, திருமணம் ஆகிவிட்டதா, வீட்டு வருமானம், இப்போது வாங்கும் சம்பளம் என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் மூன்றுக்கும் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டார்கள். “ஜாப் போர்ட்டல் ஐடியும் பாஸ்வேர்டும் குடுத்துருங்க மேடம், நாங்களே அப்டேட் பண்ணிக்கிறோம்” என்றதும் அதையும் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் பெர்சனல் லோன் வேண்டுமா என்று போன்கள் வர ஆரம்பித்தன. அடுத்த மாதம் ஒருவர், பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். என்று சொல்லிக்கொண்டு, வேலை உறுதி, லேப்டாப்புக்கு 3,800 ரூபாய் டெபாசிட் மட்டும் கட்டினால் போதும் என்றார். அப்பா பெயர் சொன்னார். “பி.காம்.ல 71 பர்சென்ட் எடுத்திருக்கீங்க” என்றும் சொன்னார். பணம் அனுப்பப் போன கையைத் தம்பி பிடித்து நிறுத்தினான். அதற்குப் பிறகு, போன மாதம் மில் மேனேஜர் கூப்பிட்டு, இவருடைய ரெஸ்யூமே பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்து, “கிளம்பறதா இருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, பாப்பா” என்று கேட்டிருக்கிறார். மில்லுக்கு ஆள் தேடிக் கொடுப்பதும் அதே கன்சல்டன்சிதான்.

விவரங்களை அழித்துவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “நீங்க சைன் பண்ணியிருக்கீங்க மேடம்” என்று பதில். கூடவே, “துபாயில ஒரு ஓப்பனிங் இருக்கு, ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட வாங்க” என்றும் ஒரு மெசேஜ்.

வாசகி கேட்பது இவை. கையெழுத்துப் போட்டபின் எனக்கு ஏதாவது உரிமை மிச்சம் இருக்கிறதா? தனிநபர் விவரப் பாதுகாப்புக்கான புதிய சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் என்கிறார்களே, அதில் எனக்கு நஷ்டஈடு கிடைக்குமா? ஆதார் நம்பர் வெளியே போய்விட்டதால் பேங்க் பணம் போய்விடுமா? போலீசுக்குப் போகலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் “என் முட்டாள்தனம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை முதலில் அடித்துவிடுங்கள். வேலை தேடிப் போகிறவரிடம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் மறுக்கத் தோன்றாது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. என் அலுவலகத்துக்கு இதே மாதிரி பிரச்சினையோடு எம்.பி.ஏ. படித்தவர்களும் வந்திருக்கிறார்கள், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் வந்திருக்கிறார்.

உங்கள் ரெஸ்யூமே மில் மேனேஜர் மேஜைக்கு எப்படிப் போனது என்று புரியவில்லை என்கிறீர்கள். இந்தத் தொழில் நடக்கும் விதம் தெரிந்தால் புரிந்துவிடும். கன்சல்டன்சிக்கு உண்மையான வருமானம் உங்கள் 1,500 ரூபாயில் இல்லை, ஆளை வேலைக்கு எடுக்கும் கம்பெனியிடம் இருக்கிறது. வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இங்கே பழகிப்போன கணக்கு. ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பினால், யாருடைய மெயில் முதலில் வந்ததோ அவர்களுக்குத்தான் கமிஷன். அதனால் கேண்டிடேட்டைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. கையில் இருக்கும் ப்ரொஃபைலைத் தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் முந்தி அனுப்பிவிடுகிறார்கள். ஒருவரிடம் ஆள் இல்லாவிட்டால் இன்னொரு கன்சல்டன்சியிடம் வாங்கி, கமிஷனைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் உண்டு. இப்படி உங்கள் பி.டி.எஃப். பத்து வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். அதில் ஒரு குரூப்பில் இருக்கும் ஒருவர் அதை லோன் ஏஜெண்டுக்கு விற்றாலும் கேட்பார் இல்லை. சம்பளமும் பேங்க் பெயரும் சேர்ந்த பட்டியல் லோன் ஏஜெண்டுக்கு மிகவும் தேவையான சரக்கு.

கையெழுத்து எதற்கு, எதற்கு இல்லை

நீங்கள் கையெழுத்துப் போட்டது, உங்களுக்கு வேலை வாங்கித் தருவதற்காக உங்கள் விவரத்தைக் கம்பெனிகளுக்குக் காட்டலாம் என்பதற்கு. அந்த நான்கு வரியில் என்ன இருந்திருந்தாலும் அதன் எல்லை அதுதான். லோன் ஏஜெண்டிடம் போனதையோ, டெபாசிட் கேட்டவர் கையில் அப்பா பெயர் போனதையோ அந்தக் கையெழுத்து நியாயப்படுத்தாது. ஒரு வேலைக்காக ஒப்படைத்ததை அந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் நம் சட்டங்கள் எல்லாவற்றின் அடிப்படையும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் உறுதியாகிவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மில்லுக்கே ரெஸ்யூமே போன விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனமானது. மில்லும் அவர்களுடைய வாடிக்கையாளர்தான், கம்பெனிகளுக்கு அனுப்பலாம் என்று நீங்களே சம்மதித்தீர்கள் என்று வாதாடுவார்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தை ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே பார்த்தும் அங்கேயே அனுப்பியது பொறுப்பில்லாத செயல், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் உங்கள் புகாரின் முதுகெலும்பாக அதை வைக்க வேண்டாம். லோன் போனும் டெபாசிட் போனும்தான் வலுவானவை.

250 கோடி பற்றி

இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் வந்ததோ 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியமான கடமைகளும், நம் விவரத்தைக் கேட்டுப் பெறும், திருத்தச் சொல்லும், அழிக்கச் சொல்லும் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. அப்போதும் அந்த அபராதம் அரசின் கணக்குக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. 250 கோடி என்பது பாதுகாப்பில் கோட்டைவிட்ட குற்றத்துக்கான உச்சவரம்பு. இரண்டு அறை கன்சல்டன்சிக்கு அவ்வளவு போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படித்துக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. பொடி எழுத்து ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு அது ஒரு நாள் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

அதுவரை பழைய சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, பாஸ்வேர்டு, பேங்க் விவரம், மருத்துவ விவரம், கைரேகை போன்றவற்றைக் கவனக்குறைவாகக் கையாண்டு ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்தினால் ஈடு தர வேண்டும். ஒரே ஆள் நடத்தும் கடையும் இதில் அடங்கும். உங்கள் பாஸ்புக் ஜெராக்ஸும் ஜாப் போர்ட்டல் பாஸ்வேர்டும் இந்த வகைதான். ஆனால் இன்றைக்கு உங்களுக்குப் பண நஷ்டம் எதுவும் நேரவில்லை. தம்பி நல்ல நேரத்தில் வந்தான். ஆகவே அந்த வழியில் இப்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதே சட்டத்தின் 72ஏ பிரிவில், ஒப்பந்தப்படி கையில் வந்த தனிப்பட்ட விவரத்தை நஷ்டமோ தகாத லாபமோ விளைவிக்கும் நோக்கில் சம்மதமின்றி வெளியிட்டால் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அந்த நோக்கத்தை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

போன பணம் என்று நினைக்கும் அந்த 1,500 ரூபாய்

கடிதத்தில் நீங்கள் சும்மா கடந்துபோன ஒரு வரியில்தான் உங்கள் பலம் இருக்கிறது. “1,500 போனது போகட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். போக விடாதீர்கள். காசு வாங்காமல் பதிவு செய்யும் கன்சல்டன்சியாக இருந்திருந்தால் இந்த வழி திறந்திருக்காது. அந்தப் பணத்தைக் கட்டியதால் நீங்கள் நுகர்வோர் ஆகிறீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47), நுகர்வோர் நம்பி ஒப்படைத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்கு உட்படாமல் இன்னொருவருக்கு வெளியிடுவதை ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று நேராகவே சொல்கிறது. 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்தச் சட்டம் இன்றே நடப்பில் இருக்கிறது.

இதில் இன்னும் சில வசதிகள் உண்டு. கன்சல்டன்சி கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம், மன உளைச்சலுக்கு ஈடு கேட்கலாம், இந்த நடைமுறையை நிறுத்த உத்தரவும் கேட்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரிய தொகையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வழக்கு மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யும்.

“எங்களிடமிருந்துதான் போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஜாப் போர்ட்டலில் இருந்து எடுத்திருப்பார்கள்” என்பது அவர்களின் முதல் பதிலாக இருக்கும். இதற்கான பதிலை நீங்களே கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதன் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் மார்க் 74 சதவீதம். ரெஸ்யூமேயிலும் போர்ட்டலிலும் 74 என்றுதான் இருக்கிறது. அந்த ஃபார்மில் மட்டும் அவசரத்தில் 71 என்று எழுதிவிட்டீர்கள். டெபாசிட் கேட்டவர் சொன்னது 71. அந்தத் தவறு உலகத்தில் ஒரே ஒரு காகிதத்தில்தான் இருந்தது! ஃபார்மை போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழித்துவிடாதீர்கள். போன் ரெக்கார்டிங் இருக்கும் மொபைலை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது என்று அதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த நம்பரிலிருந்து, என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

முதலில் ஒரு கடிதம்

ஆணையத்துக்குப் போகுமுன் கன்சல்டன்சிக்குப் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதமும், அதே வாசகத்தை மெயிலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கெஞ்சிக் கேட்டதும் இதுவும் ஒன்றல்ல. இப்படி எழுதினால் போதும்:

“இன்ன தேதியில் தங்களிடம் பதிவு செய்து 1,500 ரூபாய் செலுத்தினேன். என் விவரங்களை வேலைவாய்ப்புக்காக மட்டுமே கொடுத்தேன். அந்தச் சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். என் விவரங்களை யார் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்ற பட்டியலைத் தர வேண்டும். தங்களிடம் உள்ள ஜெராக்ஸ்களைத் திருப்பித் தந்து, கணினியிலும் வாட்ஸ்அப்பிலும் உள்ளவற்றை அழித்து, எழுத்துப்பூர்வமாக உறுதி செய்ய வேண்டும். விவரம் பெற்றவர்களுக்கும் அழிக்கச் சொல்லித் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்.”

30 நாள் நான் கற்பனையாகச் சொன்னதில்லை. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில், குறைதீர்க்கும் அலுவலர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்று இருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழியும் அதே விதிகளில் உண்டு. எல்லாப் பிரதியும் அழிந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். இந்தக் கடிதத்தின் பயன் வேறு. இதற்குப் பிறகும் உங்கள் ப்ரொஃபைல் எங்காவது போனால், “சம்மதம் இருந்தது” என்று அவர்களால் சொல்லவே முடியாது.

இந்த வாரமே பார்க்க வேண்டியவை

ஜாப் போர்ட்டல் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தால் மெயிலுக்கு முதலில். பேங்க் விஷயத்தில் உங்கள் பயம் தேவைக்கு அதிகம். ஆதார் நம்பரையோ அக்கவுண்ட் நம்பரையோ தெரிந்துகொண்டதால் மட்டும் யாரும் பணம் எடுத்துவிட முடியாது. ஓ.டி.பி. வேண்டும், அல்லது ஆதார் வழிப் பணம் எடுப்பதற்குக் கைரேகை போன்ற உடல் அடையாளம் (பயோமெட்ரிக்) வேண்டும். ஆதார் இணையதளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்தால் அந்தக் கதவும் அடைந்துவிடும். ஓ.டி.பி.யை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பான் கார்டைப் பற்றி. கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவர்கள் ஏதோ ஒரு தேவைக்குக் கொடுத்த ஆதாரையும் பானையும் வைத்து யாரோ போலிக் கம்பெனி பதிந்திருப்பார்கள். மில்லுக்கு ரிட்டர்ன் போடும் உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் வைத்துத் தேடும் இடத்தில் உங்கள் பானை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பதிவு எதுவும் இல்லை என்று வந்தால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை, சிபில் போன்ற ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அதில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரியும்.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். டெபாசிட் கேட்ட நம்பரை, பணம் போகாவிட்டாலும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். எப்போதாவது பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கன்சல்டன்சி மேல் நேரடியாக ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், இப்போதைக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகார் வாங்கியதற்கான சீட்டோடு, நிற்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ரசீதுக்கும் மதிப்பு உண்டு. நாளைக்கு உங்கள் பானில் ஏதாவது கிளம்பினால், முன்பே தெரிவித்திருக்கிறேன் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

மேனேஜரிடம் என்ன சொல்வது

இது சட்டக் கேள்வி இல்லை, என்றாலும் உங்கள் கடிதத்தில் அதிகம் வலித்த இடம் இதுதான் என்று தெரிகிறது. ஒரு மாதமாக அவர் முகத்தைப் பார்க்கவே தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வேறு வேலை தேடுவது தவறு இல்லை. இல்லவே இல்லை என்று மறுக்காதீர்கள், பிரிண்ட் அவர் மேஜையில் இருக்கிறது. “சம்பளம் நான்கு வருடமாக ஏறவில்லை சார், அதனால் பார்த்தேன். ஆனால் உங்களுக்கு அனுப்பச் சொல்லி நான் சொல்லவில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். கிளம்பறதா இருந்தால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர் உங்களை இழக்க விரும்பாதவராகத்தான் தெரிகிறார். சம்பளப் பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

இனி வேறு இடத்தில் பதியும்போது, ஃபார்மின் மேலேயே “தற்போதைய நிறுவனத்துக்கு அனுப்பக்கூடாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் அனுப்புமுன் என்னைக் கேட்க வேண்டும்” என்று பேனாவால் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு முன்னால் பான், பாஸ்புக், சாதி, வீட்டு வருமானம் எதுவும் கன்சல்டன்சிக்குத் தேவையில்லை. ஆஃபர் லெட்டர் வந்தபின் கம்பெனியிடமே நேராகக் கொடுக்கலாம். தனியார் நிறுவனம் ஆதாரைக் கட்டாயப்படுத்த வழிசெய்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அடையாளத்துக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைத் தளத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸின் குறுக்கே “இன்ன கன்சல்டன்சி, வேலைப் பதிவுக்கு மட்டும்” என்று தேதியோடு, படத்தின் மேலும் எழுத்தின் மேலும் கோடு படும்படி எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள்.

துபாய் மெசேஜுக்குப் பதில் போட வேண்டாம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவர்களும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது. கோவை கன்சல்டன்சியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டையும் உங்கள் புகாரோடு சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அரசின் சொத்து. அதை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. பீரோவில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

ஸ்பீடு போஸ்ட் ரசீது கையில் வந்ததும் அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 31ஆம் நாள் காலை வரை பதில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஆணையத்துக்கான புகாரைச் சேர்ந்து தயார் செய்வோம்.